இறக்கத்தில் விளையும் மின்சாரம்

ஸ்விட்ஸர்லாந்தில் பீல் நகருக்கு அருகே, ஜூரா மலைச்சரிவில், விஜியே சிமெண்டு ஆலைக்கு வேண்டிய கல் மலையின் மேற்புறத்தில் கிடைக்கிறது. ஆலையோ கீழே பள்ளத்தாக்கில் இருக்கிறது. பாரம் ஏற்றிய வண்டி இறங்கவேண்டும், காலி வண்டி ஏறவேண்டும் என்ற இந்தச் சாதாரண நியதியை ஊன்றிக் கவனித்த சில எஞ்சினியர்கள், சில ஆண்டுகளுக்கு முன்பு, கோமாட்ஸு கம்பெனியின் பெரிய டிப்பர் ஒன்றிலிருந்து டீசல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, 600 யூனிட் மின்சாரம் கொள்ளும் லித்தியம் பாட்டரியை அதில் பொருத்தினார்கள். பாட்டரி மட்டும் நாலரை டன். வெறும் வண்டி சுமார் 45 டன். கல்லேற்றினால் 110 டன்.

இந்த வண்டிக்கு மின்சாரமே ஏற்றவேண்டியதில்லை என்று பத்திரிகைகள் வியந்து எழுதியதுண்டு. வியப்பதற்கு முன் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 110 டன் பாரம் நூறு மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது கொடுக்கிற சக்தி 30 யூனிட். 45 டன் வண்டி அதே உயரம் ஏறுவதற்கு வேண்டியது 12 யூனிட்டுக்குச் சற்று மேல். சக்கரங்களின் உராய்வையும், மோட்டாரிலும் பாட்டரியிலும் உஷ்ணமாகக் கழிகிற நஷ்டத்தையும் சேர்த்து, ஏற்றத்தின் செலவு 17 ஆக உயரும், இறக்கத்தின் வரவு 21 ஆகக் குறையும் என்று உத்தேசமாக வைத்துக்கொண்டாலும், நடைக்கு நாலு யூனிட் மிஞ்சுகிறது. பாரம் குறைந்தாலோ, மழையில் வழி சேறானாலோ, அந்த நாலும் போய்ப் பற்று விழும். ஆகையால் மின்சாரமே வேண்டாத வண்டி என்பது மிகை. ஏறுவதற்கு வாங்கிக்கொண்டதில் பெரும்பகுதியை இறங்கும்போது திருப்பித் தந்துவிடுகிற வண்டி என்பது மெய். அந்த மெய்யே ஆச்சரியத்துக்குப் போதுமானது.

பாட்டரியின் பெரிய குறை அதன் எடை என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு கிலோ டீசலில் சுமார் 12 யூனிட் சக்தி அடங்கியிருக்க, இந்தப் பாட்டரியில் கிலோவுக்கு 0.13 யூனிட்தான் அடங்குகிறது. டீசலின் சக்தியில் பாதிக்கு மேல் எஞ்சினில் விரயமாகிறது என்பதைக் கழித்துவிட்டாலும் வித்தியாசம் மலையும் மடுவும்தான். ஆனால் டீசல் வண்டி இறக்கத்தில் என்ன செய்கிறது? நூறு டன்னுக்கு மேற்பட்ட பாரத்தைப் பிரேக் பிடித்துப் பிடித்து, அத்தனை சக்தியையும் பிரேக்கைக் குளிர்விக்கும் எண்ணெயில் சூடாக இறக்கி, ரேடியேட்டர் வழியே காற்றில் விட்டுவிடுகிறது. எரித்த டீசலை மறுபடியும் டாங்கியில் சேர்க்கிற சாமர்த்தியம் எந்த எஞ்சினுக்கும் இல்லை.

காரின் பாட்டரிக்கும் கனரக வாகனத்தின் பாட்டரிக்கும் உள்ள உண்மையான பேதம் இங்கேதான் வெளிப்படுகிறது என்பது என் அபிப்பிராயம். கார்க்காரர் தம்முடைய பாட்டரி நூற்றுக்கு நூறு நிரம்பியிருப்பதைக் கண்டு நிம்மதி அடைகிறார். மலைமேல் கல்லேற்றி நிற்கும் வண்டிக்கோ நிரம்பிய பாட்டரியைப் போல உபத்திரவம் வேறில்லை; மழைக்கு முன்பே ததும்பி நிற்கிற ஏரி வெள்ளத்தை வாங்காததுபோல, அது இறக்கத்து மின்சாரத்தை வாங்காது, பழைய பிரேக்கையே நம்ப வேண்டியதாகிவிடும். ஆகவே உச்சியை அடையும்போது பாட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, எவ்வளவு காலியாக இருக்கிறது என்பதையும் கணக்கிட்டே அதன் அளவை நிர்ணயிக்கிறார்கள். விளிம்புவரை நிரப்பாமலும் அடிவரை வறளவிடாமலும் நடுவிலேயே புழங்கினால் லித்தியம் செல்களின் ஆயுளும் கூடுகிறது என்பது இதில் கிடைக்கிற இன்னொரு லாபம். குளிர்நாட்டில் மற்றொரு ஜாக்கிரதையும் வேண்டும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த செல்லில் வேகமாக மின்சாரத்தைச் செலுத்தினால், லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்து செல்லைக் கெடுத்துவிடும். எனவே இறங்கத் தொடங்கும் முன்பே பாட்டரியை வெதுவெதுப்பாக வைத்திருக்கவேண்டும்.

நகரத்து பஸ்ஸின் சுபாவம் வேறு. அது ஏறுவதும் இறங்குவதும் சொற்பம். நிற்பதும் புறப்படுவதும் ஓயாத வேலை. ஹைபிரிட் பஸ்ஸில் பாட்டரி சிறிதாக இருந்தாலும் போதும். ஆனால் சில விநாடிகளுக்குள் நிறைய வாங்கவும் நிறைய கொடுக்கவும் அதற்குத் திராணி வேண்டும். லித்தியம் டைட்டனேட் என்ற ரசாயனம் எடைக்குக் குறைந்த சக்தியையே சேமித்தாலும், அவசரமாக வாங்குவதிலும் நீண்ட ஆயுளிலும் மற்றவற்றை மிஞ்சுவதால் இவ்வகை வேலைக்கு விரும்பப்படுகிறது. ஜெனீவாவின் 23-ஆம் எண் தடத்தில், பயணிகள் ஏறி இறங்குகிற 15, 20 விநாடிக்குள், நிறுத்தத்தின் கூரையிலிருந்து 600 கிலோவாட் வேகத்தில் பஸ்ஸுக்கு மின்சாரம் பாய்கிறது. கிடைப்பது 3 யூனிட் அளவுதான். ஆனால் அத்தகைய நிறுத்தங்கள் வழிநெடுக இருக்கின்றன.

விஜியே வண்டியில் உள்ளவை நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த செல்கள். இன்று உலகத்தின் மின்சார பஸ்களிலும் லாரிகளிலும் பெரும்பாலானவை நம்பியிருப்பது, எடைக்குச் சற்றுக் குறைவாகச் சேமித்தாலும், மலிவும் உறுதியுமான இரும்பு பாஸ்பேட்டை. அதில் ஆக்ஸிஜன் பாஸ்பரஸோடு இறுகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் எளிதில் விடுபட்டுத் தீயை வளர்ப்பதில்லை. ஐம்பது பேர் உட்கார்ந்து போகிற வாகனத்துக்கு இதைவிடப் பெரிய குணம் வேறு வேண்டுமா? பாஸ்பேட்டைப் பற்றிய ஆராய்ச்சி ஜான் குடினஃப் என்ற விஞ்ஞானியின் டெக்ஸஸ் ஆய்வுக்கூடத்திலிருந்து 1997-இல் வெளிவந்தது. ஆனால் இரும்பைச் சல்பேட் போன்ற தொகுதிகளோடு பிணைத்தால் அதன் மின்னழுத்தம் உயரும் என்ற அடிப்படையை, அதற்குச் சுமார் பத்தாண்டு முன்பே, குடினஃபுடன் சேர்ந்து கண்டவர் தமிழ்நாட்டின் தென்கோடிக் கிராமம் ஒன்றில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் பயின்ற ஆறுமுகம் மந்திரம். 2019-இல் குடினஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, 97 வயதான ஆசானின் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் அவரே. தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கையில் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

விஜியேயின் அதிர்ஷ்டம் எல்லாச் சுரங்கத்துக்கும் வாய்க்காது. பெரும்பாலான திறந்தவெளிச் சுரங்கங்களில் தாது குழியின் அடியில் கிடக்கிறது. பாரத்தோடு ஏறி, காலியாகத்தான் இறங்கவேண்டும். அங்கே பாட்டரியை மட்டும் பெரிதாக்கிக்கொண்டு போனால் தாதுவுக்குப் பதில் பாட்டரியையே சுமக்கிற கதியாகும். ஸ்வீடனின் வடக்கே ஐட்டிக் தாமிரச் சுரங்கத்தில், ஏற்றப் பாதை ஒன்றின்மேல் சுமார் 700 மீட்டருக்கு மின்கம்பி இழுத்து, டீசல்-மின்சார லாரிகள் அந்தக் கம்பியைத் தொட்டுக்கொண்டு ஏறும் ஏற்பாட்டை 2018-இல் சோதித்து, பிறகு விரிவாக்கினார்கள். அதே கம்பியின் கீழ் பாட்டரி லாரி ஏறினால், ஏறிக்கொண்டே மின்சாரத்தையும் நிரப்பிக்கொள்ளலாம்; கம்பி இல்லாத இடங்களுக்கு மாத்திரம் போதுமான சிறிய பாட்டரியே அதற்குப் போதும்.