முரட்டு வண்டியும் மோட்டார் சைக்கிளும்

தென் அந்தமானில் உள்ள பெரார்கஞ்ச், 1923 முதல் 1931 வரை இத்தீவுகளின் தலைமைக் கமிஷனராக இருந்த கர்னல் பெரார் என்பவரின் பெயரால் வழங்கும் சிற்றூர். பெருநிலத்தில் ஓர் ஊருக்குப் போக நான்கு வழிகள் இருக்கும். இங்கே தரைமார்க்கமாக வடக்கே போவோருக்கு அந்தமான் பெருஞ்சாலை ஒன்றே கதி. 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயரிலிருந்து புறப்படும் அச்சாலை, பெரார்கஞ்சைக் கடந்து ஜிர்காடாங் சோதனைச் சாவடியை அடைகிறது. அதற்கப்பால் ஜாரவா பழங்குடியினரின் காப்பு நிலம். அங்கே வண்டிகள் தனித்துச் செல்லலாகாது. குறித்த வேளைகளில் காவலுடன் வரிசையாகவே செல்லவேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. முன்வண்டியைத் தாண்டவும் கூடாது.

இதில் ஒரு விந்தை உண்டு. காட்டிற்குள் ஆட்டுக்குட்டிபோல் அடங்கிச் செல்லும் அதே கார், சாவடியை எட்டும்வரை புலிபோல் பாய்கிறது. வரிசை தவறினால் அடுத்த வரிசைக்கு மணிக்கணக்கில் காத்திருக்க நேரும் என்னும் பதற்றமே காரணம். விடியற்காலை வரிசையைப் பிடிப்பதற்காக நகரத்திலிருந்து இருட்டிலேயே கிளம்பும் வாடகைக் கார்கள், பெரார்கஞ்ச் வளைவுகளில் முன்செல்லும் மோட்டார் சைக்கிளைப் பொறுத்துக்கொள்வதில்லை. சாரதி இயல்பாகவே கொடியவர் என்று நாம் எண்ணிவிடுகிறோம். பெரும்பாலும் அவர் கடிகாரத்திற்கு அஞ்சிய மனிதர்; அவ்வளவே. தில்லியிலும் மும்பையிலும் வாழும் நம்மவர் இதைத் தீவின் கதை என்று ஒதுக்கவேண்டியதில்லை. அங்கே சாவடிக்குப் பதில் அலுவலக நேரம் இருக்கிறது.

தீவிற்கே உரிய இரண்டு இடர்களையும் சொல்லவேண்டும். நம் நாட்டின் கடிகாரம் கிழக்குத் தீர்க்கரேகை எண்பத்திரண்டரைப் பாகையைக் கணக்கிட்டு ஓடுவது. அந்தமானோ அதற்குச் சுமார் பத்துப் பாகை கிழக்கே இருக்கிறது. ஆகவே நவம்பர், டிசம்பர் மாதங்களில் மாலை ஐந்து மணி அளவிலேயே கதிரவன் மறைந்துவிடுகிறான். அலுவல் முடிந்து வீடு திரும்புவோர் அனைவரும் இருளிலேயே திரும்புகின்றனர். மற்றொன்று மழை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்யும் மழையால் சாலையோரம் பாசியும் சேறுமாய்க் கிடக்கும். பின்னால் வரும் லாரிக்கு அஞ்சி அவசரமாக ஓரம் கட்டியவர், லாரி தொடாமலே சறுக்கி விழுவதுண்டு.

விழுந்தால் நேர்வது என்ன? 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர்; அவர்களுள் நூற்றுக்கு நாற்பத்துநால்வருக்கு மேற்பட்டோர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். அந்தமானிலோ, போர்ட் பிளேயர் மருத்துவமனையால் இயலாத சிகிச்சைக்குச் சென்னையையோ கொல்கத்தாவையோதான் நாடவேண்டும். சென்னைக்குக் கடல்வழித் தூரம் 1,190 கிலோமீட்டர். காரில் இருப்பவருக்கு அன்று வரிசை தவறுகிறது. மோட்டார் சைக்கிளில் இருப்பவருக்கு உயிரே தவறக்கூடும். இழப்பு இவ்வாறு சமமற்றதாக இருக்கும்போது, நியாயம் யார் பக்கம் என்று அந்தக் கணத்தில் வழக்காடுவதில் பொருளில்லை.

சட்ட வாசகங்களைத் தமிழாக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றிக் கூற விரும்புகிறேன். ஒரு வண்டி இன்னொன்றைத் தாண்டிப் போவதை நாம் ‘முந்துதல்’ என்று எழுதுகிறோம். அச்சொல்லில் பந்தயத்தின் வாடை வீசுகிறது; ஒருவர் முந்தினால் மற்றவர் பிந்தினார், தோற்றார் என்றாகிறது. ‘கடந்து செல்லுதல்’ என்று எழுதியிருந்தால் சில சண்டைகளாவது குறைந்திருக்குமோ என்று எனக்கு ஓர் ஐயம். ‘வழிவிடுதல்’ என்னும் சொல்லிலோ தோல்வி இல்லை. கோயில் வாயிலில் முதியவருக்கு வழிவிடுகிறவரை யாரும் கோழை என்பதில்லை.

ஒரு கார் முதுகை உரசுவதுபோல் நெருங்கி வரும்போது விசையைக் கூட்டி ஓடத் தோன்றும். அல்லது வேண்டுமென்றே மெதுவாக்கிப் பாடம் புகட்டத் தோன்றும். இரண்டும் தவறு. அப்போது செய்யவேண்டியது, நமக்கு முன்னால் செல்லும் வண்டியிலிருந்து இடைவெளியை அதிகமாக்கிக்கொள்வது. காரணம் எளிது. முன்வண்டி திடீரென நின்றால் நாம் சட்டென்று பிரேக் போடவேண்டிவரும். பின்னாலுள்ளவருக்கோ நிற்க இடமில்லை. முன்னே இடம் மிகுதியாக இருந்தால் நாம் மெல்ல மெல்ல வேகம் தணிக்கலாம், பின்னவரும் தணிப்பார். அவர் வைக்கத் தவறிய இடைவெளியையும் சேர்த்து நாமே வைத்துக்கொள்கிறோம். பிறகு, தரை கெட்டியாகவும் பார்வைக்குத் தெளிவாகவும் உள்ள இடம் வந்ததும், இடப்பக்க விளக்கைக் காட்டி ஒதுங்கி அவரைப் போகவிடலாம். வளைவிலோ, பாசி படிந்த விளிம்பிலோ ஒதுங்கலாகாது.

எதிரே வரும் லாரி மற்றொன்றைக் கடப்பதற்காக நம் பக்கத்தில் ஏறி வந்தால், முதலில் வேகத்தைக் குறைக்கவேண்டும். விளக்கை மின்னவிட்டுச் சவால் விடுவது கூடாது. கண் லாரியின் மீதே நிலைத்துவிட்டால் வண்டியும் லாரியை நோக்கியே போகும். தப்பிச் செல்லும் இடைவெளியையே பார்க்கவேண்டும். வண்டி ஓடும்போது இடப்பக்கக் கைப்பிடியை மெல்ல முன்னே தள்ளினால் வண்டி இடப்பக்கமே சாய்ந்து திரும்பும். கேட்பதற்கு முரணாக இருப்பினும் இயந்திரத்தின் இயல்பு அதுவே.

கடந்து போன பின் துரத்துவதோ, சாவடியில் எட்டிப்பிடித்து வாய்ச்சண்டை இடுவதோ வேண்டாம். மொழி முழுதும் வசப்படாத ஊரில் நாம் மெதுவாகச் சொன்னதும் வசையாகக் கேட்கும். ஆபத்தாக ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். வண்டியை நிறுத்தி, எண்ணைக் குறித்துக்கொண்டு, 112க்குத் தெரிவிக்கலாம்.

இனித் திறமையைப் பற்றி. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் நடந்து 1981இல் வெளியான ஆராய்ச்சி, ஏறத்தாழ தொள்ளாயிரம் மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்தது. வேறொரு வண்டியுடன் நேர்ந்த மோதல்களில் மூன்றில் இரண்டு பங்கில், அவ்வண்டியே மோட்டார் சைக்கிளின் வழியை மறித்திருந்தது. சாரதிகளுள் பலர் மோட்டார் சைக்கிளைக் காணவே இல்லை. நாம் ஆணவம் என்று கொதிக்கும் செயல் பல வேளைகளில் வெறும் பாராமையே! ஆகையால் வெளிர்நிற மேலாடையும், பகலிலும் எரியும் முகப்பு விளக்கும், காரின் கண்ணாடியில் நம் உருவம் விழும் இடத்தில் செல்வதும் நமக்குக் காவல். 2017 ஏப்ரல் முதல் விற்கப்படும் புது வண்டிகளில் விளக்கு தானே எரிகிறது. தலைக்கவசத்தைப் பற்றி நீட்டிக்க வேண்டியதில்லை. அது மரணத்தை நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. தாடைக்கீழ் வாரைப் பூட்டாமல் அணிந்தால் அது வெறும் தொப்பி.

அதே ஆராய்ச்சி ஓட்டுவோரின் குறையையும் மறைக்கவில்லை. ஆபத்து எதிர்ப்பட்டபோது அவர்கள் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சறுக்கினர். முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. வண்டி நிற்கத் தொடங்கும்போது பாரம் முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது. ஆதலின் உலர்ந்த சாலையில் நிறுத்தும் வலுவின் பெரும்பங்கு முன் பிரேக்கிடமே உள்ளது. அதை ஒரேயடியாக இறுக்காமல், எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் படிப்படியாக அழுத்தவேண்டும். வேகம் 40இலிருந்து 60 ஆகும்போது ஒன்றரை மடங்குதான் கூடுகிறது. பிரேக் பிடித்தபின் ஓடும் தூரமோ இரண்டேகால் மடங்காகிறது. கை பிரேக்கைத் தொடுவதற்கு ஆகும் ஒரு விநாடிக்குள்ளேயே 60இல் செல்லும் வண்டி ஏறத்தாழ 17 மீட்டர் போய்விடும்.

இதைப் படித்துக் கற்க இயலாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளில்லாத திடலொன்றில், தலைக்கவசம் அணிந்து, முதலில் 20, பிறகு 30 வேகத்தில் வந்து, ஓரிடத்தில் பிரேக் போடத் தொடங்கி, வண்டி நின்ற இடத்தில் ஒரு கல்லை வைக்கவேண்டும். சில வாரங்களில் அந்தக் கல் அருகே நகர்ந்து வரும். மே மாதம் மழை தொடங்கியதும், நனைந்த தரையில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அதையே செய்து பார்த்தால், கல் எவ்வளவு தொலைவு தள்ளிப்போகிறது என்பதும் தெரியும்.