ஒரே களரியில் ஒரு குடும்பம்

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கல்முனை வீதியில், கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக அமைந்த எழுவான்கரைக் கிராமம் களுதாவளை. சுயம்புலிங்கப் பிள்ளையார் ஆலயமும் வெற்றிலைச் செய்கையும் அதற்குப் பெயர் தேடித் தந்தவை. நற்காரியம் எதற்கும் வெற்றிலை வைத்து அழைப்பது நமது வழக்கம். கூத்துப் பழக்க வருமாறு அண்ணாவியாரை ஊர் அழைப்பதும் இம்மரபின்படியே. இவ்வாறு தொடங்கும் கூத்தின் உண்மையான தாங்குதூண் எது என்பதையே இங்கு நாம் நோக்க விரும்புகிறோம்.

வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகளும் இப்பிரதேசத்தில் ஆடப்படுகின்றன. அவற்றின் ஆக்கமுறை ஓர் ஒழுங்குக்கு உட்பட்டது. ஊரவர் கூடிக் கூத்தைத் தீர்மானிப்பர். குரலையும் உடல்வாகையும் ஆராய்ந்து அண்ணாவியார் பாத்திரங்களை வகுப்பார். பாடல்கள் எழுதப்பட்ட சட்டம் ஆடுவோர் கைக்குக் கொடுக்கப்படும். அதன்பின் மாதக்கணக்கில் இரவுப் பயிற்சி நடைபெறும். சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் ஆகியவை நிறைவுற்ற பின்னரே வட்டக்களரியில் விடியவிடிய அரங்கேற்றம். உடுப்புக்கும் அண்ணாவியாரின் சன்மானத்திற்கும் பெரும்பாலும் ஆடுவோரின் வீடுகளே பணம் கொடுக்கும். ஆகவே ஒருவன் கூத்தாடுகிறான் எனில், அவனது குடும்பம் முழுவதுமே கூத்தாடுகிறது எனலாம்.

ஒரே குடும்பத்தார் சேர்ந்து ஆடும்போது இன்னொன்றும் நிகழ்கிறது. வீட்டில் மாமனின் முன் வாய்திறவாத மருமகன், களரியில் மன்னனாகிக் கொலுவீற்றிருப்பான். மாமனோ மந்திரியாகப் பணிந்து நிற்பார். காணி எல்லைக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணனும் தம்பியும் ஒரே மத்தளத்தின் தாளக்கட்டுக்குக் காலெடுத்து வைத்தேயாக வேண்டும். வயதும் உறவும் வழங்கும் அதிகாரம் அங்கு சிறிது நேரம் கழற்றி வைக்கப்படுகிறது. உறவுகள் இறுகிப்போகாமல் காக்கும் இவ்வேற்பாட்டை நமது முன்னோர் விளையாட்டாகச் செய்தனர் என்று கொள்வதற்கில்லை.

இது தமிழருக்கு மட்டும் உரிய செய்தியுமன்று. தாய்வழிக் குடிமுறை கிழக்கிலங்கைத் தமிழரும் முஸ்லிம்களும் பகிர்ந்துகொள்ளும் சமூக அமைப்பாகும். ஆலய வண்ணக்கர் பொறுப்பும் பள்ளிவாசல் மரைக்காயர் பொறுப்பும் குடிவழியே பகிரப்பட்டு வந்துள்ளன. தமிழ்ச் சிறுவர் கோலடித்து ஆடும் வசந்தனையும், முஸ்லிம்கள் கழிகளை மோதித் தாளமெழுப்பி ஆடும் பொல்லடியையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், இரண்டும் ஒரே மண்ணில் வேர்கொண்டவை என்பதை எளிதில் உணர்வர். இரு கலைகளும் பெரும்பாலும் மூத்தோரைப் பார்த்துப் பார்த்தே கற்கப்பட்டன.

அக்கல்விமுறையே இன்று தளர்ந்துள்ளது. 1978 நவம்பரில் வீசிய சூறாவளியும் 2004 டிசம்பரில் எழுந்த ஆழிப்பேரலையும் இக்கரையோரத்தின் வாழ்வைக் குலைத்தன. 2009 வரை நீடித்த யுத்தத்தின்போது இரவில் வெளிச்செல்ல அஞ்சிய மக்களால் இரவுக் கலையைப் பேண இயலவில்லை. யுத்தம் ஓய்ந்த பின்னர் தந்தை வெளிநாட்டுத் தொழிலிலும் மகன் பிரத்தியேக வகுப்பிலுமாகப் பிரிந்துபோயினர். போட்டி மேடைக்கெனச் சில நிமிடங்களாகச் சுருக்கப்பட்ட கூத்தையே பல பிள்ளைகள் இன்று அறிவர்.

சுருக்கமே குற்றம் என்பது நமது வாதமன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் கூத்தைச் சுருக்கிப் பேராதனைப் பல்கலைக்கழக மேடையேற்றியதனாலேயே, ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகியவற்றின் வாயிலாக நகரத்தார் அதன் பெருமையை அறிந்தனர். ‘இராவணேசன்’ கூத்தில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆய்ந்து நூலாக்கினார். மரபு முற்றிலும் குற்றமற்றது என்பதும் நமது வாதமன்று. பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர். சாதி, பால் பாகுபாடுகள் கூத்தினுள்ளும் புகுந்திருந்தன. சீலாமுனையில் சி. ஜெயசங்கர் ஊரவரோடு இணைந்து முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம் இக்கேள்விகளைக் களரிக்கே கொண்டுசென்றது.

எனவே பழையதை அப்படியே மீட்டல் நமது நோக்கமாதல் வேண்டியதில்லை. தந்தையும் மகனும் மட்டும் நின்ற களரியில் இனித் தாயும் மகளும் நிற்கட்டும். பாடசாலைகள் கூத்துப் பழக்கும்போது, அப்பிள்ளைகளின் வீட்டிலுள்ள முதிய கலைஞரை முதலில் அழைக்கட்டும். ஆலய நிர்வாகங்களும் ஊர்ச் சங்கங்களும் ஆண்டுக்கொரு முழுக்கூத்துக்கேனும் இடமளிக்கட்டும். பாடலை ஒலிப்பதிவில் காக்கலாம். சட்டத்தை அச்சிட்டு வைக்கலாம். ஆயினும் தாளம் தவறிய பேரனைத் தாத்தா கண்ணசைவால் திருத்தும் அந்தக் கணத்தை எந்தக் கருவியாலும் காக்க இயலாது. அது நிகழ வேண்டுமாயின், இருவரும் ஒரே இரவில் ஒரே களரியில் இருந்தாக வேண்டும்.