வாரண்டும் வீட்டு வாசலும்

நமது காளவாசலில் ஒரு வீட்டைச் சோதனையிடப் போலீஸார் வருகிறார்களென்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் அஞ்சவேண்டுவதில்லை, வாரண்டைக் காட்டும்படி கேட்க அவருக்குப் பாத்தியதை உண்டு. அவசரத்தை முன்னிட்டு வாரண்டின்றி வரும் அதிகாரியும் காரணத்தை முன்னரே எழுதிவைத்து, 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு நகலனுப்ப வேண்டுமென்று 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா விதிக்கிறது. அவ்வட்டாரத்துக் கண்ணியஸ்தர் இருவர் சாட்சியாக நிற்கவேண்டும். எடுத்த பொருள்களின் ஜாபிதாவில் ஒரு நகல் வீட்டாருக்கு உரியது. சோதனை முழுவதையும் படம்பிடிக்கவும் வேண்டும். நன்று. சாட்சிகளையும் போலீஸாரே கையோடு அழைத்துவந்தால் இவையெல்லாம் வெறும் காகிதமே!

வாரண்டிலும் ஒரு குறையுண்டு. இன்ன பொருளென்று குறியாமலே 'பொதுச் சோதனை'க்கு நீதிமன்றம் உத்தரவிட 96-வது பிரிவு இடந்தருகிறது. 1898-ம் வருஷத்துச் சட்டத்தில் வெள்ளையர் வைத்த விதி இது; 1973-லும் 2023-லும் நீங்காமல் நின்றுவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்த பின்னும் அதை ஏன் வைத்திருக்கிறார்களென்று கேட்கிறோம்.