மாவோரிப் பெண்டிரின் அடுப்பில் ஒரு தமிழ் மணி

நியூசிலாந்தின் தலைநகராகிய வெலிங்டனில், கடலோரத்தில் 'தெ பாப்பா' என்னும் தேசிய அருங்காட்சியகம் உள்ளது. 1998ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அம்மாளிகைக்கு, மாவோரி மக்களின் பண்பாட்டை நேரிற் கற்பதற்காகப் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வருகின்றனர். அங்குக் குடியேறிய நம்மவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இவ்வாய்ப்பு உண்டு.

மாவோரியரின் கூடல்மனைக்குள் காலணியுடன் நுழைதல் ஆகாது. பள்ளிவாசற்படியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது புதிதன்று. அம்மனையை ஒரு மூதாதையின் உடலாகவே அவர்கள் கருதுகின்றனர். முகட்டு உத்தரம் முதுகெலும்பு. இருபுறக் கைமரங்கள் விலா எலும்புகள். முகப்பிற் சரிந்திறங்கும் பலகைகள் விருந்தினரை வரவேற்கும் கரங்கள். வந்தோரை மூத்த பெண்ணொருத்தி குரலெடுத்து அழைப்பாள். பின்னர் மூக்கோடு மூக்குச் சேர்த்து மூச்சைப் பகிர்ந்துகொள்வர். மூதாதையரைப் போற்றும் முறைகளிற் சில நம் ஏகத்துவக் கொள்கைக்கு ஒவ்வாதனவே. எனினும் அறிந்து மதித்தல் வேறு, பின்பற்றுதல் வேறு. இவ்வேறுபாட்டைப் பெற்றோர் முன்னரே விளக்கிவிட்டால் பிள்ளை தயங்கி நிற்க நேராது.

அங்குள்ள பழைய மனையொன்றின் பெயர் 'தெ ஹாவ் கி தூரங்கா'. 1840களில் ரஹருஹி ருகுபோ என்னும் தலைவரின் மேற்பார்வையிற் செதுக்கப்பட்டது. 1867இல் அரசு அதனைப் பெயர்த்தெடுத்துச் சென்றது. உரியவர்கள் தலைமுறைகளாகப் போராடினர். 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அவர்தம் உரிமை ஏற்கப்பட்டது. "இவ்வீடு இங்கு எப்படி வந்தது?" என்று ஒரு சிறுவன் கேட்பானாயின், அன்றைய பாடத்தின் பெரும்பகுதி அவ்வினாவிலேயே அடங்கிவிடும்.

நம் சமுதாயத்துக்கு நெருங்கிய ஒரு பொருளும் அவ்வருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 1836ஆம் ஆண்டளவில் வில்லியம் கொலென்சோ என்னும் பாதிரியார், வடபுலத்து ஃபாங்கரே அருகே மாவோரிப் பெண்டிர் உருளைக்கிழங்கு வேகவைத்த பாத்திரமொன்றைக் கண்டார். உற்று நோக்கின், அது விளிம்புடைந்த வெண்கல மணி! காற்றிற் சாய்ந்த மரத்தின் வேரடியிற் கிடைத்ததென அவர்கள் கூறினர். இரும்புப் பானை ஒன்றைக் கொடுத்து அதனைப் பெற்றுக்கொண்டார் கொலென்சோ. ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் உயரமுள்ள அம்மணியைச் சுற்றிப் பழந்தமிழ் எழுத்துகள் காணப்பட்டன. முகைதீன் பக்ஸ் கப்பலின் மணி என்பது அவற்றின் பொருள்.

இதைக் கொண்டு, கேப்டன் குக்குக்கு முன்பே நம் முன்னோர் அங்குச் சென்றனர் என முழங்குவோர் உளர். அவ்வளவு விரைவு வேண்டா. மணி அங்குச் சென்றது உறுதி. மனிதர் சென்றனர் என்பதற்குச் சான்றில்லை. வேற்று நாட்டுக் கப்பலொன்று அதனை எடுத்துச் சென்றிருக்கலாம். கைவிடப்பட்ட மரக்கலம் அலையில் ஒதுங்கியிருக்கலாம். எழுத்தின் காலத்தைப் பற்றியும் அறிஞர் ஒருமித்த கருத்தினர் அல்லர். பிள்ளைகளுக்கு இதனை இவ்வாறே சொல்லிக்கொடுப்பது நல்லது.

முகைதீன் பக்ஸ் என்பார் யாவர்? கப்பலின் உரிமையாளரா, அன்றிக் கப்பலுக்கே இடப்பட்ட பெயரா? காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் வீட்டுப் பரண்களிற் பழைய கப்பற் கணக்கேடுகள் ஏதேனும் கிடக்குமாயின், பழைய தாள் வாங்குவோரிடம் எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அப்பெயர் அதிலிருக்கவும் கூடும்.