10 நிமிட டெலிவரியா, அண்ணாச்சி கடையா? விலையைத் தாண்டி நடக்கும் போட்டி: முழு விளக்கம்

அடுப்புல குழம்பு கொதிக்குது, வீட்ல தக்காளி இல்ல. தெருமுனைக் கடைக்கு ஆள் அனுப்புவீங்களா, ஃபோனை எடுப்பீங்களா?

சென்னை, பெங்களூரு, மும்பை போன்ற நகரங்களில் இந்தக் கேள்விக்கான பதில் சில வருஷங்களில் வேகமாக மாறிவிட்டது. ஸ்விக்கி நிறுவனம் 2020ல் இன்ஸ்டாமார்ட்டைத் தொடங்கியது. 2021ல் ஜெப்டோ வந்தது. அதே ஆண்டின் இறுதியில் குரோஃபர்ஸ் தன் பெயரை பிளிங்கிட் என்று மாற்றிக்கொண்டது. 2022ல் அதை சொமேட்டோ வாங்கியது. இப்போது அமேசான், பிளிப்கார்ட்டும் களத்தில் இருக்கின்றன.

2024 அக்டோபரில், நுகர்பொருள் விநியோகஸ்தர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு ஒரு கணக்கைச் சொன்னது. முந்தைய ஓராண்டில் மட்டும் நாடு முழுவதும் சுமார் 2 லட்சம் மளிகைக் கடைகள் மூடப்பட்டுவிட்டன என்பதுதான் அது. இது அரசு எடுத்த கணக்கெடுப்பு இல்லை, வியாபாரிகள் தரப்பின் மதிப்பீடு. ஆனாலும் பெரிய கேள்வி எழுந்துவிட்டது: அண்ணாச்சி கடைகள் இனி தாக்குப்பிடிக்குமா?

சூப்பர் மார்க்கெட் வந்தப்பவே தப்பிச்ச கடைகள் ஆச்சே?

உண்மைதான். சிறு கடைகளுக்கு ஆபத்து என்று சொல்லப்படுவது இது முதல் முறை கிடையாது. 1997ல் சென்னையில் தொடங்கிய சுபிக்ஷா, 'எம்.ஆர்.பி.யை விடக் குறைந்த விலை' என்ற ஒரே உத்தியை வைத்து நாடு முழுக்க சுமார் 1,600 கடைகள் வரை வளர்ந்தது. 2009ல் பணம் இல்லாமல் முடங்கிப்போனது.

2012ல் பல பிராண்டு சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டுக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தது. அனுமதிப்பதும் மறுப்பதும் மாநிலங்களின் விருப்பம் என்றது. அப்போதைய தமிழக அரசு 'இங்கே வேண்டாம்' என்று சொல்லிவிட்டது.

இந்த எல்லா அலைகளிலும் சிறு கடைகளைக் காப்பாற்றியது முக்கியமாக ஒரு விஷயம்: தூரம். சூப்பர் மார்க்கெட்டுக்கு வண்டி எடுத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரு முறையோ மாதத்துக்கு ஒரு முறையோதான் போவோம். திடீர்னு உப்பு தீர்ந்தா? நாலு எட்டு நடந்தா அண்ணாச்சி கடை. அந்த நாலு எட்டையும் இல்லாமல் ஆக்கியதுதான் 10 நிமிட டெலிவரி.

டார்க் ஸ்டோர்னா என்ன?

கஸ்டமர் உள்ளே போக முடியாத கடை. குடியிருப்புப் பகுதிக்கு நடுவே ஒரு குடோன் மாதிரி இருக்கும். சுற்றியுள்ள 2, 3 கிலோமீட்டருக்கு மட்டும் சப்ளை. ஆர்டர் விழுந்ததும் உள்ளே இருக்கும் ஊழியர் பொருட்களை எடுத்து பையில் போடுவார், வாசலில் காத்திருக்கும் டெலிவரி ஊழியர் கிளம்பிவிடுவார். பைக் பறப்பதால் மட்டும் 10 நிமிடம் சாத்தியமாகவில்லை. பொருள் ஏற்கனவே உங்கள் ஏரியாவுக்குள் வந்து உட்கார்ந்திருப்பதுதான் ரகசியம்.

வருமானம் எங்கிருந்து வருகிறது? விற்பனையில் கமிஷன், டெலிவரி கட்டணம், கையாளும் கட்டணம், அப்புறம் விளம்பரம். ஆப்பில் 'பிஸ்கட்' என்று தேடும்போது முதல் வரிசையில் வரும் பிராண்டு, அந்த இடத்துக்குக் காசு கொடுத்திருக்கலாம். அண்ணாச்சி கடைக்கு இவ்வளவு வருமான வழிகள் கிடையாது.

நாம வாங்குற பொருளும் மாறிடுச்சா?

ஆமாம். மத்திய அரசின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வைப் பார்த்தால் தெரியும். நகர்ப்புறக் குடும்பம் 100 ரூபாய் செலவு செய்தால், உணவுக்குப் போவது சுமார் 40 ரூபாய். அதில் 11 ரூபாய் பானங்கள், ஸ்நாக்ஸ், ஹோட்டல் சாப்பாடு, பதப்படுத்திய உணவு வகைகளுக்கு. அரிசி, கோதுமை போன்ற தானியங்களுக்கு 4 ரூபாய்க்கும் குறைவு. கிராமங்களிலும் உணவுச் செலவில் பானங்களும் பதப்படுத்திய உணவும்தான் முதலிடம்.

மாதம் ஒரு முறை அரிசி, பருப்பு, எண்ணெய் என்று லிஸ்ட் போட்டு வாங்கிய பழக்கம் குறைகிறது. ராத்திரி 10 மணிக்கு ஐஸ்கிரீம், மேட்ச் நடக்கும்போது சிப்ஸ் என்று நினைத்த நேரத்தில் வாங்குவது கூடுகிறது. ஆப் நிறுவனங்கள் குறிவைப்பது இதைத்தான்.

பணம் கட்டும் முறையும் மாறிவிட்டது. 2016ல் வந்த யுபிஐ, 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடி பரிவர்த்தனைகளைத் தாண்டியது. இதில் சிறு கடைகளும் பின்தங்கவில்லை. பெட்டிக்கடையில்கூட க்யூஆர் அட்டை தொங்குகிறது.

சரி, கடைக்கு உண்மையான அடி எங்கே விழுது?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இது புரிவதற்கான உதாரணம் மட்டுமே.

ஒரு மளிகைக் கடையில் மாதம் 3 லட்சம் ரூபாய்க்கு வியாபாரம், 100 ரூபாய்க்கு 10 ரூபாய் லாபம் என்று வைத்துக்கொள்வோம். கிடைப்பது 30,000 ரூபாய். வாடகை, கரண்ட் பில் 12,000 போனால் கையில் நிற்பது 18,000.

இப்போது ஐந்தில் ஒரு பங்கு வியாபாரம் ஆப்புக்குப் போய்விட்டது. லாபம் 24,000 ஆகக் குறையும். ஆனால் வாடகை குறையாது. கையில் நிற்பது 12,000. வியாபாரம் குறைந்தது 20 சதவீதம்தான், கடைக்காரர் வருமானம் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு!

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஆப்புக்கு முதலில் மாறுவது யார்? ஸ்மார்ட்ஃபோனும் கையில் காசும் இருப்பவர்கள், 500 ரூபாய்க்கு மொத்தமாக வாங்குபவர்கள். கடையிலேயே தங்குபவர்கள் யார்? 10 ரூபாய்க்கு எண்ணெய் கேட்பவர்கள், 'சம்பளம் வந்ததும் தரேன் அண்ணாச்சி' என்று நோட்டில் எழுதச் சொல்பவர்கள்.

கடன் கொடுக்கும் கடைக்காரர், சரக்கு போட்ட டிஸ்ட்ரிபியூட்டருக்கு நாள் தவறாமல் பணம் கட்டியாக வேண்டும். அந்தப் பணம், உடனே காசு கொடுத்து வாங்கும் கஸ்டமர்களிடமிருந்துதான் வருகிறது. அவர்கள் போய்விட்டால் கடன் நோட்டை நீட்டிக்கொண்டே போக முடியாது. கடை மூடாமலே இருந்தாலும், 'இனி கடன் இல்லை' என்ற போர்டு தொங்க ஆரம்பிக்கும்.

கட்டட வேலைக்குப் போகும் குடும்பத்துக்கோ, வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கோ அந்த நோட்டுதான் மாசக் கடைசியைத் தாண்ட வைக்கிறது. வட்டியும் கிடையாது, ஆவணமும் கிடையாது. அதை இழந்தால் அடுத்த வழி வட்டிக்குக் கடன் வாங்குவதுதான். ஆப்பைத் திறந்தே பார்க்காதவர்களையும் இந்தப் போட்டி பாதிப்பது இப்படித்தான்.

சட்டம் என்ன சொல்லுது?

அந்நிய முதலீடு உள்ள ஆன்லைன் நிறுவனங்கள், விற்பவரையும் வாங்குபவரையும் இணைக்கும் சந்தையாக மட்டுமே இருக்கலாம். சொந்தமாக சரக்கு வாங்கி வைத்து விற்கக் கூடாது. அதனால்தான் பில்லில் விற்பனையாளர் என்று வேறொரு நிறுவனத்தின் பெயர் இருக்கும்.

பிளிங்கிட்டின் தாய் நிறுவனமான எடெர்னல் (முன்பு சொமேட்டோ), 2025ல் தன் அந்நியப் பங்கு உச்சவரம்பை 49.5 சதவீதமாகக் குறைத்துக்கொண்டது. இந்தியர் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனம் என்ற தகுதி கிடைத்தால், நேரடியாக சரக்கு வைத்து விற்கலாம் என்பதுதான் நோக்கம்.

இன்னொரு பக்கம், அடக்க விலைக்கும் கீழே விற்றுப் போட்டியாளர்களை ஒழிக்கப் பார்க்கிறார்கள் என்று விநியோகஸ்தர்கள் கூட்டமைப்பு இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறது. நிறுவனங்கள் தரப்பு வாதம் வேறு: வேலைவாய்ப்பு உருவாகிறது, மக்களுக்கு நேரம் மிச்சமாகிறது என்கிறார்கள்.

சிறு கடைகளையும் ஆன்லைனில் இணைக்க மத்திய அரசு கொண்டுவந்தது ஓஎன்டிசி. 2022ல் சோதனை முறையில் தொடங்கிய 5 நகரங்களில் கோவையும் ஒன்று. ஆனால் 10 நிமிடப் போட்டியில் இன்று முன்னால் நிற்பவை தனியார் ஆப்களே.

நாம என்ன கவனிக்கணும்?

* பொருளின் விலையை மட்டும் பார்க்காமல், கடைசியாகக் கட்டும் தொகையைப் பாருங்கள். கையாளும் கட்டணம், சிறிய ஆர்டர் கட்டணம் எல்லாம் சேர்ந்த பிறகு எது மலிவு என்று தெரியும்.

* கேட்காத பொருளை கூடையில் சேர்ப்பது, கட்டணத்தைக் கடைசியில் காட்டுவது போன்ற 13 ஏமாற்று உத்திகளுக்கு 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. புகாருக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம்.

* எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பது ஆப்பாக இருந்தாலும் கடையாக இருந்தாலும் தப்பு.

* கடையில் வாங்குபவர்கள் பாக்கியைச் சொன்ன தேதியில் கொடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு அடுத்த வாரம் கடன் கிடைப்பதும் அதில் இருக்கிறது.

அவசரத்துக்கு ஆப்பில் வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் மாசச் சாமான் மொத்தமும் அங்கே போனால், தெருக் கடையில் மிஞ்சுவது 10 ரூபாய் வியாபாரமும் கடன் நோட்டும்தான். அதை மட்டும் வைத்து எந்த அண்ணாச்சியாலும் வாடகை கட்ட முடியாது.