மாரிக்கு முன் குளக்கட்டும் வடிச்சலும்

மட்டக்களப்புப் பகுதியின் ஆண்டு மழையிற் பெரும்பங்கு, வடகீழ்ப் பருவக்காற்று வீசும் சில மாதங்களிலேயே பெய்துவிடுகின்றது. பெரும்போக நெற்செய்கை இம்மழையை நம்பியது. எனினும் குளக்கட்டும் வடிச்சலும் பழுதுற்றிருப்பின், பயிரை வளர்க்கும் மழையே பயிரை அழித்துவிடும். 1957ஆம் ஆண்டு மார்கழி வெள்ளம் இன்றும் பேசப்படுகின்றது. 2011ஆம் ஆண்டு தையிலும் மாசியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளங்களில் படுவான்கரை வயல்கள் மூழ்கி, பெரும்போக நெல் அழிந்தது.

இத்தகைய மழை இனி அரிதாக இராது. காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியசு உயரின், அது நூற்றுக்கு 7 பங்களவு கூடிய நீராவியைக் கொள்ளும். ஆகவே மழை ஒரேயடியாகக் கொட்டுகின்றது. உலகின் கடல் மட்டமும் 1901 முதல் 2018 வரை ஏறத்தாழ 20 சதமமீற்றர் உயர்ந்துள்ளது. கடல் உயர்ந்து நிற்கையில் வாவி மெதுவாகவே வடியும். வாவி வடியாதவரை அதனை அடுத்த தாழ்நில வயலும் வடியாது.

குளக்கட்டு

பெருவெள்ளம் உடைக்கும் கட்டு, பெரும்பாலும் சிறு துவாரத்தினாலேயே பலவீனமடைந்திருக்கும். எலி வளை, நண்டு வளை, கறையான் புற்று, பட்டுப்போன மரத்தின் உக்கிய வேர் ஆகியவற்றின் வழியே நீர் புகுந்து மண்ணை உள்ளிருந்தே அரிக்கும். எனவே வளைகளைத் தோண்டிக் களிமண் இட்டு இடித்து இறுக்குதல் வேண்டும். கட்டின்மீது மரம் வளர விடலாகாது. அறுகு போன்ற புல்லே மண்ணைப் பிடித்து வைக்கும். மாடுகளும் உழவு இயந்திரங்களும் கட்டைக் குறுக்கே கடந்து பள்ளமாக்கிய இடங்களை மழைக்கு முன் மண்ணிட்டு உயர்த்துதல் அவசியம்.

கட்டின் வெளியடியிற் கசியும் நீர் தெளிவாயிருப்பின் அதனைக் கவனித்து வருதல் வேண்டும். கலங்கலாக வரின் உள்ளே மண் அரிபடுகின்றது என்பது பொருள். உடனே கசிவைச் சுற்றி மண்மூடைகளை வட்டமாக அடுக்கி, பொறுப்பான உத்தியோகத்தருக்கு அறிவித்தல் வேண்டும்.

வான்

குளத்தில் மேலும் நீர் தேக்கும் நோக்குடன் வான்மேல் பலகையோ மண்மூடையோ வைத்தல் பேராபத்தாகும். மேலதிக நீர் பாதுகாப்பாக வெளியேறும் வழி வான் ஒன்றே. அதனை அடைத்தால் நீர் கட்டின்மேல் ஏறி வழியும். மண்கட்டு அதனைத் தாங்காது. ஒரு போகத்து இலாபத்திற்காகக் குளத்தையே இழப்பது எவருக்கும் நன்றன்று.

வடிச்சல்

வயலுக்கு நீர் வரும் வாய்க்காலைத் துப்புரவு செய்வோர், நீர் போகும் வடிச்சலை மறந்துவிடுகின்றனர். தூர்ந்துபோன வடிச்சலையும் அடைபட்ட மதகையும் விதைப்புக்கு முன்னரே வெட்டித் திறத்தல் வேண்டும். வெள்ளத்தின்போது ஒருவர் தம் வயலைக் காக்க இரவில் வரம்பையோ வீதியையோ வெட்டினால், அந்நீர் அயலவர் வயலை மூடும். வீதி அறுந்தால் நெல்லும் நோயாளரும் போக வழியிராது.

மரக்கறிச் செய்கையாளர் வாய்க்காற் கரையின் விளிம்புவரை கொத்துதலைத் தவிர்த்து, கரையிற் புற்பட்டி ஒன்றை விட்டுவைத்தல் வேண்டும். கத்தரி, மிளகாய் முதலியவற்றை உயர்த்திய பாத்திகளில் நட்டு, இடைச்சால்களை வடிச்சலுடன் இணைத்தல் நன்று. வாவிக்கரையிலுள்ள கண்டல் மரங்களும் அலையரிப்பைத் தடுப்பனவாதலால் அவற்றை வெட்டலாகாது.

முகத்துவாரம்

பாலமீன்மடு முகத்துவாரத்தை அடைக்கும் மணற்றிட்டை உரிய காலத்துக்கு முன் வெட்டினால் உவர்நீர் புகும், மீன்பிடியும் பாதிக்கப்படும். பிந்தினால் வயல் அழியும். ஆகவே இம்முடிவைத் தனியார் எவரும் எடுத்தலாகாது. கமக்காரர் தம் வயல்களின் நீர்மட்டத்தைக் காலந்தாழ்த்தாது அதிகாரிகளுக்கு அறிவித்தலே பயன் தரும்.

உன்னிச்சை, உறுகாமம், நவகிரி போன்ற பெருங்குளங்களைப் பராமரிக்க அரசு உண்டு. எனினும் சிறு குளமும் வயல் வாய்க்காலும் கமக்காரர் கைகளிலேயே உள்ளன. போகத் தொடக்கக் கூட்டத்தில் விதைப்புத் திகதியைத் தீர்மானிக்கும்போதே, கட்டும் வடிச்சலும் திருத்தும் சிரமதானத் திகதியையும் தீர்மானித்துக்கொள்வார்களாக. மழைக்கு முன் இடும் ஒரு கூடை மண், வெள்ளத்திற்குப் பின் இடும் நூறு கூடைக்குச் சமமாகும்.