காதலிச்சா வேலை போகும்! ‘ஃபெல்லோ ட்ராவலர்ஸ்’ காட்டும் ‘லாவெண்டர் ஸ்கேர்’ என்றால் என்ன?

1950-களின் வாஷிங்டன். கோட் சூட் போட்டு, நேரத்துக்கு ஆபீஸ் வந்து, ஃபைல் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் ஓர் அரசு ஊழியர். ஒருநாள் விசாரணை அறைக்குக் கூப்பிடுகிறார்கள். வேலையில் தப்பு எதுவும் இல்லை. லஞ்சமும் வாங்கவில்லை. யாருடன் பழகுகிறீர்கள், எந்த பாருக்குப் போகிறீர்கள்... இதுதான் கேள்வி. பதில் பிடிக்கவில்லை என்றால் வேலை காலி.

2023-ல் வெளியான ‘ஃபெல்லோ ட்ராவலர்ஸ்’ வெப் சீரிஸ் இந்தப் பயத்துக்குள்தான் ஒரு காதல் கதையைச் சொல்கிறது. தாமஸ் மல்லன் 2007-ல் எழுதிய நாவல்தான் மூலம். வெளியுறவுத் துறை அதிகாரி ஹாக் ஆக மேட் போமர். கடவுள் பக்தியும் நாட்டுப்பற்றும் நிறைந்த இளைஞன் டிம் ஆக ஜோனதன் பெய்லி. டிம் வேலை பார்ப்பது, கம்யூனிஸ்ட்களை வேட்டையாடிய செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியின் அலுவலகத்தில். வேட்டையாடுகிற கூடாரத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறான் என்று சொல்லலாம்.

உண்மையில் என்ன நடந்தது?

மெக்கார்த்தி காலம் என்றாலே ‘சிவப்பு பயம்’தான் நமக்கு ஞாபகம் வரும். அதன் கூடவே நடந்ததுதான் ‘லாவெண்டர் ஸ்கேர்’. 1950 பிப்ரவரியில், தன்பாலீர்ப்பாளர்கள் என்று 91 பேரை வெளியேற்றியதாக வெளியுறவுத் துறையே செனட் குழுவிடம் சொன்னது. 1953 ஏப்ரலில் அதிபர் ஐசனோவர் 10450-ம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். பாதுகாப்புக் காரணங்களுக்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கலாம் என்ற பட்டியலில் ‘பாலியல் வக்கிரம்’ என்பதும் சேர்ந்தது. வேலை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கில். காரணம் வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று பலர் சத்தமில்லாமல் ராஜினாமா செய்துவிட்டதால், சரியான கணக்கே கிடையாது.

அரசு சொன்ன லாஜிக் இதுதான்: இவர்களை எதிரி நாட்டு உளவாளிகள் சுலபமாக மிரட்டி ரகசியங்களைக் கறந்துவிடுவார்கள். சரி, அப்படி மிரட்டப்பட்டு நாட்டைக் காட்டிக்கொடுத்த அமெரிக்கர் யார்? 1950-ல் விசாரித்த செனட் குழுவால் ஒருவரைக்கூடக் காட்ட முடியவில்லை. அது எடுத்துக்காட்டியது முதல் உலகப் போருக்கு முந்தைய ஆஸ்திரிய ராணுவ அதிகாரி ரெடல் என்பவரை! இதில் இன்னொரு வேடிக்கை. வெளியே தெரிந்தால் வேலை போகும் என்பதால்தானே ஒருவரை மிரட்டவே முடிகிறது? மிரட்டலுக்கான ஆயுதத்தைச் செய்துகொடுத்ததே அரசுதான்.

அந்த ஆயுதம் அரசியல்வாதிகளையும் விடவில்லை. வயோமிங் செனட்டர் லெஸ்டர் ஹன்ட்டின் மகன் 1953-ல் இப்படியொரு வழக்கில் கைதானார். அதை வைத்து, தேர்தலில் மறுபடி நிற்கக்கூடாது என்று ஹன்ட்டுக்கு நெருக்கடி கொடுத்தார்கள். 1954 ஜூனில் தன் அலுவலகத்திலேயே அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். சீரிஸில் வரும் செனட்டர் ஸ்மித்தின் கதையில் இந்தச் சம்பவத்தின் நிழல் தெரியும்.

மெக்கார்த்தியின் வலது கையான ராய் கோன் நிஜ மனிதர். தன்பாலீர்ப்பாளர்களைத் துரத்திய அவரைப் பற்றியே அந்தப் பேச்சு கடைசிவரை ஓய்ந்ததில்லை. 1986-ல் எய்ட்ஸ் தொடர்பான பாதிப்பால் இறந்தார்; கல்லீரல் புற்றுநோய் என்றே சாதித்தார்.

ஹாக் நல்லவனா? எனக்கு அப்படித் தோணலை. தப்பிப்பதற்காக அவன் யாரையும் விட்டுக்கொடுப்பான், டிம்மையும் சேர்த்து. ஆனால் அவனைத் திட்டும்போதே, அவன் இடத்தில் நாம இருந்தா என்ன செஞ்சிருப்போம்னு ஒரு உறுத்தல் வருது. சீரிஸின் பலமே அதுதான். 60, 70-களுக்குத் தாவும் எபிசோடுகள் மட்டும் கொஞ்சம் அவசரம்.

எதிர்த்து நின்றவர்களும் உண்டு. ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற வானியலாளர் ஃபிராங்க் கேமனி, ராணுவ வரைபடத் துறையிலிருந்து 1957-ல் நீக்கப்பட்டார். உச்ச நீதிமன்றம்வரை போனார். 1961-ல் அவர் மனுவை ஏற்க மறுத்தார்கள். 1965-ல் வெள்ளை மாளிகை வாசலில் பதாகை ஏந்தி நின்றார். அரசுப் பணியில் பொதுவாக இருந்த தடை 1975-ல்தான் நீங்கியது. கேமனியிடம் அரசு முறையாக மன்னிப்பு கேட்டது 2009-ல். அப்போது அவருக்கு வயது 84.

மொத்தம் 8 எபிசோடுகள். கதை 1950-களுக்கும் 1986-க்கும் மாறி மாறிப் போவதால் ஆரம்பத்தில் கொஞ்சம் குழப்பும். வெளிப்படையான பாலியல் காட்சிகள் நிறைய உண்டு. ஹாலில் குடும்பத்தோடு உட்கார்ந்து போட்டுவிடாதீர்கள்.